கிரிப்டோவை எதில் வைப்பது: எக்ஸ்சேஞ்ச், போன், ஹார்டுவேர் வாலட், மல்டிசிக்

வாலட் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். அதற்குள் பிட்காயின் எதுவும் இருப்பதில்லை. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு முழுக்கப் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில், ஊரறியக் கிடக்கிறது. உங்களிடம் இருப்பது 256 பிட் நீளமுள்ள ஓர் எண் மட்டுமே. அதுதான் தனிச்சாவி. அந்த எண்ணை அறிந்தவர் பணத்தை நகர்த்தலாம். அதைத் தொலைத்தவர் தன் பணத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். புதுச் சாவி வெட்டித் தர எந்த அலுவலகமும் இல்லை.

எனவே ‘எதில் வைப்பது’ என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சாவி திருடுபோகாமல் இருப்பது எப்படி? தொலையாமல் இருப்பது எப்படி? இவை எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் வைத்தால் தொலையாது, ஆனால் திருடனுக்குப் பத்து வாய்ப்பு. ஒரே பிரதியை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்தால் திருட முடியாது, ஒரு தீ விபத்து போதும். கீழே வரும் ஒவ்வொரு வழியும் ஏதோ ஓர் ஆபத்தைக் குறைத்து, வேறோர் ஆபத்தைக் கூட்டுகிறது. எந்த ஆபத்தை உங்களால் கையாள முடியும் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு அமைய வேண்டும்.

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது

கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில், அதாவது வாங்கிய இடத்திலேயே, விட்டுவிடுவதுதான் மிகச் சுலபம். அங்கே சாவி உங்களுடையதல்ல. நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன் ஒன்று மட்டும் உங்கள் பெயரில் இருக்கிறது. நிறுவனம் நன்றாக நடக்கும்வரை இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் மூடியபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். அதில் 2,00,000 பிற்பாடு அகப்பட்டது. பணம் வர வேண்டியவர்களுக்கு நாணயமாகத் திருப்பித் தரும் வேலை 2024 ஜூலையில்தான் தொடங்கியது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது வாடிக்கையாளர் கணக்குகள் மனு தாக்கலான நாளின் விலையில் மதிப்பிடப்பட்டன. பிறகு பிட்காயின் பல மடங்கு ஏறியும் அந்த ஏற்றம் அவர்களுக்கு வரவில்லை. வட்டி தருகிறோம் என்ற செல்சியஸ் நிறுவனத்தின் வழக்கு இன்னும் கசப்பானது. வட்டிக் கணக்கில் போட்ட நாணயங்கள் விதிமுறைகளின்படி நிறுவனத்தின் சொத்தே என்று 2023 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டவர்கள் பிணை எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களாக வரிசையில் நின்றார்கள்.

இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் என்றாலே தள்ளிவிட வேண்டும் என்று சொல்வது நேர்மையாகாது. கடவுச்சொல் மறந்தால் அடையாளத்தைக் காட்டி மீட்டுக்கொள்ளும் வசதி அங்கே மட்டும்தான் உண்டு. ஒரு காகிதத்தைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்க முடியாது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவருக்குச் சிறு தொகைக்கு அதுவே பொருத்தம். ஆனால் கணக்கை இறுக்கிக் கட்டிவைக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பாதீர்கள். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி, கணக்குத் திருட்டின் பழைய வழி. வன்பொருள் பாதுகாப்புச் சாவி அல்லது பாஸ்கீ முதல் தேர்வு, அத்தென்டிகேட்டர் செயலி இரண்டாவது. எக்ஸ்சேஞ்சுக்கென்றே வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் முகவரிப் பட்டியலைப் பூட்டிவையுங்கள். புதிய முகவரி சேர்த்தால் ஒரு நாளாவது தாமதம் வரும்படி அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். கணக்குக்குள் ஒருவன் நுழைந்துவிட்டாலும் அந்த இடைவெளியில் நீங்கள் விழித்துக்கொள்ளலாம். ஏபிஐ சாவி (வேறு மென்பொருள் உங்கள் கணக்கை இயக்கத் தரும் சாவி) உருவாக்கினால் பணமெடுக்கும் அனுமதியைக் கொடுக்காதீர்கள். ‘கையிருப்புச் சான்று’ வெளியிடுகிறார்கள் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். ஒரு குறிப்பிட்ட நாளில் கையில் என்ன இருந்தது என்பதை அது காட்டும். மறுநாள் யாருக்கு எவ்வளவு கடன் என்பது அதில் வராது.

போன் வாலட், பிரவுசர் வாலட்

இங்கே சாவி உங்களுடையது, ஆனால் இணையத்தோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவியில் இருக்கிறது. இரண்டில் போன் மேல். போன் இயங்குதளம் ஒரு செயலியின் தரவை இன்னொரு செயலி தொடவிடாது. பிரவுசர் நீட்டிப்பு அப்படியல்ல. கடவுச்சொல்லால் பூட்டிய ஒரு கோப்பாகச் சாவி கணினியில் கிடக்கும். தகவல் திருடும் மால்வேர் வந்தால் அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போய், தன் இடத்தில் நிதானமாகக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். மூன்று முறை தவறினால் பூட்டு என்ற தடையெல்லாம் அங்கே கிடையாது.

மென்பொருள் வாலட்டுகளில் பயனர் தவறே செய்யாமலும் பணம் போயிருக்கிறது. 2022 ஆகஸ்டில் சோலானா வலையமைப்பில் ஆயிரக்கணக்கான வாலட்டுகள் காலியாயின. ஸ்லோப் என்ற செயலி பயனர்களின் மீட்புச் சொற்களை, அதாவது சாவியை மறுபடி உருவாக்க உதவும் 12 அல்லது 24 சொற்களை, தன் பிழைப்பதிவுச் சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. 2023இல் வெளியான இன்னொரு குறை இன்னும் அடிப்படையானது. லிப்பிட்காயின் என்ற பிட்காயின் மென்பொருளின் ஒரு கட்டளை 32 பிட் அளவே கொண்ட பலவீனமான மூலத்திலிருந்து சொற்களை உருவாக்கியிருந்தது. வெளியே 24 சொற்கள், உள்ளே மொத்தமே சுமார் 430 கோடிச் சாத்தியங்கள். ஒரு சாதாரணக் கணினிகூட அத்தனையையும் முயன்று முடித்துவிடும்.

நாம் செய்யும் தவறு என்றால் அது பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட். மீட்புச் சொற்களைப் படம் பிடித்து வைத்தால் அது கிளவுடுக்கு ஏறுகிறது, பழைய டேப்லெட்டுக்கு இறங்குகிறது, எல்லாப் பிரதிகளும் உங்களுக்கே நினைவிருக்காது. போன் கேலரிப் படங்களில் உள்ள எழுத்தைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற மால்வேர் 2025இல் கண்டறியப்பட்டது. அது ஆப்பிள், கூகுள் இரண்டின் செயலிக் கடைகளிலும் புகுந்திருந்தது. கடவுச்சொல் மேலாளரில் போட்டுவைப்பதும் சிலர் நினைப்பதுபோல் பத்திரமல்ல. 2022இல் லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களே மொத்தமாகக் களவு போயின. அங்கே கடவுச்சொல் போனால் மாற்றிவிடலாம். மீட்புச் சொற்களை மாற்ற முடியாது, பணத்தை வேறு முகவரிக்கு நகர்த்தத்தான் முடியும்.

கையில் எடுத்துச் செல்லும் பர்ஸ் அளவுக்குப் போன் வாலட் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

ஹார்டுவேர் வாலட்

இதன் வேலை ஒன்றுதான். சாவி கருவிக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கும். கணினி பரிவர்த்தனையை உள்ளே அனுப்பும், கருவி அந்தச் சாவியால் கையொப்பமிட்டு வெளியே தரும். கணினியில் மால்வேர் இருந்தாலும் சாவியை எடுக்க முடியாது.

கருவிகளுக்குள் வித்தியாசம் உண்டு. சிலவற்றில் வங்கி அட்டைகளில் இருப்பதுபோன்ற பாதுகாப்புச் சில்லு உண்டு. கருவியைத் திருடிப் பிரித்தாலும் உள்ளிருப்பதை எடுப்பது கடினம். ட்ரெசர் நிறுவனத்தின் பழைய மாடல்களான ஒன், டி ஆகியவற்றில் அது இல்லை. கருவி கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் மீட்புச் சொற்களைப் பெற முடியும் என்று 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வகம் காட்டியது. 2023இல் வந்த சேஃப் 3 மாடலில் பாதுகாப்புச் சில்லு சேர்க்கப்பட்டது. பின் எண்ணைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் வாங்குமுன் பாருங்கள். லெட்ஜர் நிறுவனத்தின் கருவி 3 தவறுக்குப் பின் தன்னை அழித்துக்கொள்ளும். ட்ரெசர் அதைவிட அதிகம் பொறுக்கும், கோல்ட்கார்டு என்ற கருவி 13 வரை. குழந்தைகள் உள்ள வீட்டில் 3 முயற்சி என்பது அடிக்கடி அழிவது என்று பொருள். மீட்புச் சொற்கள் சரியாக இருந்தால் அதில் நஷ்டம் ஏதுமில்லை, எரிச்சல் மட்டும்தான்.

யூஎஸ்பியே இல்லாமல் க்யூஆர் குறியீடு அல்லது மெமரி கார்டு வழியாக மட்டும் பேசும் கருவிகளுக்குத் தனி மவுசு உண்டு. அந்தத் துண்டிப்பு நல்லதுதான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு அது முக்கியமல்ல. திரையில் என்ன காட்டுகிறது, அதை நீங்கள் படிக்கிறீர்களா என்பதுதான் பெரிய விஷயம். சிறு திரையும் இரண்டு பொத்தானும் உள்ள கருவியில் நீண்ட முகவரியைப் பாதியோடு நிறுத்திவிட்டு ‘சரி’ அழுத்துவதே மனித இயல்பு. முகவரி முழுதும் ஒரே பார்வையில் தெரியும் பெரிய திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

வாங்குவது உற்பத்தியாளரிடம் நேரடியாக, அல்லது அவர்கள் தளத்தில் பெயர் குறிப்பிட்ட விற்பனையாளரிடம். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தால் அது தூண்டில். அந்தச் சொற்களைத் தயாரித்தவன் நீங்கள் பணம் போடும்வரை காத்திருப்பான். 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியே வந்தன. அடுத்த வருடம் சிலர் வீட்டுக்கு உள்ளே மாற்றியமைக்கப்பட்ட போலிக் கருவிகள், ‘பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம்’ என்ற கடிதத்தோடு தபாலில் வந்தன. உங்கள் பெயரும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடங்கள். மீட்புச் சொற்களை இணையப் பக்கத்தில், மின்னஞ்சலில், தொலைபேசியில் கேட்கும் யாரும் நிறுவனத்தவர் அல்லர். அந்தச் சொற்களைத் தட்ட வேண்டிய ஒரே இடம் கருவியின் சொந்தத் திரை.

கருவி காப்பாற்றாத இடம்

சாவி திருடுபோகாமல் பணம் மட்டும் போவதுதான் இன்று பெரிய இழப்புகளின் வடிவம். நீங்களே கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறீர்கள்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர், அதாவது எத்தீரியம் வலையமைப்பின் நாணயம், போனது. பலர் சேர்ந்து கையொப்பமிடும் வாலட், ஹார்டுவேர் கருவிகள், எல்லாம் இருந்தன. கெட்டது கையொப்பமிடும் இணையதளத்தின் நிரல். கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது, கருவிக்குப் போனதோ வாலட்டின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் உத்தரவு. கருவியின் சிறு திரையில் பொருள் புரியாத எண்களைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். இதைக் குருட்டுக் கையொப்பம் என்பார்கள். கருவி அமைப்பில் அதை அனுமதிக்கும் தேர்வு இருந்தால் அணைத்தே வையுங்கள்.

இன்னொன்று முகவரி நஞ்சு. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியின் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்த ஒரு முகவரியைத் திருடன் உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குச் சில்லறை அனுப்புவான். பழைய வரலாற்றிலிருந்து நகலெடுக்கும் பழக்கம் உள்ளவர் அடுத்த முறை அவனுடையதை நகலெடுப்பார். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 பொதியப்பட்ட பிட்காயினை (ஈத்தர் வலையமைப்பில் பிட்காயினுக்கு ஈடாக ஓடும் டோக்கனை), அதாவது சுமார் 6.8 கோடி டாலரை, ஒரே பரிவர்த்தனையில் அனுப்பிவிட்டார். அவருக்கு அது பெரும்பாலும் திரும்பக் கிடைத்தது. அதை எதிர்பார்த்து யாரும் நடக்க முடியாது. முகவரியின் நடுவே ஆறேழு எழுத்தையும் ஒப்பிடுங்கள். வரலாற்றிலிருந்து ஒருபோதும் நகலெடுக்காதீர்கள்.

ஈத்தர் வகை வலையமைப்புகளில் மூன்றாவதாக ஓர் ஓட்டை உண்டு. பரிமாற்றத் தளம் எதையாவது ஒரு முறை பயன்படுத்தியபோது ‘எல்லையற்ற அனுமதி’ கொடுத்திருப்பீர்கள். அந்தத் தளத்தை இயக்கும் ஒப்பந்தம், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரல், இரண்டு வருடம் கழித்து உடைந்தாலும் உங்கள் டோக்கனை (அந்த வலையமைப்பில் ஓடும் மற்ற நாணயங்களை) அது இழுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு முகவரி வையுங்கள். ஒன்று பெட்டகம்: பணம் வரும், எப்போதாவது போகும், எந்தத் தளத்தோடும் இணையாது. மற்றது செலவுக்கு. ஒரே மீட்புச் சொற்களிலிருந்து இரண்டு கணக்கு எடுத்தாலும் இந்த ஆபத்துக்கு அது போதும், ஏனெனில் அனுமதி ஒட்டுவது முகவரியோடு. மீட்புச் சொற்களே கசிந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

மீட்புச் சொற்கள்

கருவி உடைந்தால் வேறு வாங்கலாம். சொத்து என்பது உண்மையில் இந்தச் சொற்கள்தான், ஆனால் கருவிக்கு மூன்று வாரம் ஆராய்ச்சி செய்பவர்கள் இதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

சொற்கள் 2048 உள்ள ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருகின்றன. ஆங்கிலப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் முதல் நான்கு எழுத்திலேயே மற்றவற்றிலிருந்து வேறுபடும். எனவே நான்கு எழுத்து பதித்தால் போதும். 12 சொல் என்பது 128 பிட் எதேச்சை எண்ணும் 4 பிட் சரிபார்ப்பும். 24 சொல் என்றால் 256ம் 8ம். 24 தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. பிட்காயினின் கையொப்பக் கணிதமே ஏறக்குறைய 128 பிட் பலம் கொண்டதுதான், எனவே 12 சொல்லில் குறை ஒன்றும் இல்லை. பதிக்கும் உழைப்பு பாதியாகும், தவறும் பாதியாகும். சொற்களை நீங்களே தேர்ந்தெடுக்க மட்டும் கூடாது. மனிதர் மனத்தில் வரும் ‘எதேச்சை’ எதேச்சையே அல்ல.

காகிதம் தொடக்கத்துக்குப் பரவாயில்லை. மை நீரில் கரையும், பென்சில் கரையாது. ஆனால் காகிதம் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும், வீட்டுத் தீ 600ஐ எளிதில் தாண்டும். அலுமினியத் தகடும் 660இல் உருகிவிடும். துருப்பிடிக்கா எஃகு 1,400 வரை தாங்கும். கடையில் விற்கும் எழுத்து வில்லைகளைச் சட்டத்தில் கோக்கும் வகையைத் தவிர்ப்பது நல்லது. சூட்டில் சட்டம் வளைந்தால் வில்லைகள் சிதறும், வரிசை போய்விடும். உளியடித்துப் பதித்த எழுத்துதான் நிற்கும்.

வீட்டிலேயே செய்ய 12 எஃகு வாஷர், 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உரியவை. அதே அளவில் ஒரு போல்ட், ஒரு நட், 3 மில்லிமீட்டர் எழுத்து அச்சுகள், எண் அச்சுகள், ஒரு சுத்தியல். ஒரு வாஷரில் ஒரு சொல்லின் நான்கு எழுத்து. பின்புறம் வரிசை எண். எண் இல்லாமல் பதித்தால் போல்ட் கழன்ற அன்று தலைவலி. முதலில் வீணாகப் போகும் ஒரு வாஷரில் பழகுங்கள், ஓர் அச்சுக்கு ஒரே பலமான அடி. இரண்டு அடி அடித்தால் எழுத்து இரட்டிக்கும். 12ஐயும் போல்ட்டில் கோத்து நட்டை இறுக்கினால் எழுத்துகள் உள்ளே மறைந்துவிடும். பார்ப்பவருக்குப் பட்டறைக் கழிவுபோல இருக்கும். இப்படி இரண்டு செட், இரண்டு வேறு கட்டடங்களில்.

சொற்களைப் பாதியாக வெட்டி இரண்டு இடத்தில் வைக்கும் யோசனை எல்லோருக்கும் தோன்றும். 12 சொல்லை ஆறு ஆறாக வெட்டினால் ஒரு பாதியைக் கண்டவன் மீதி ஆறை மட்டும் ஊகித்தால் போதும். 66 பிட், சரிபார்ப்புக் கழிய 62. 128 பிட் மலையை நீங்களே மேடாக்கிவிட்டீர்கள். அதோடு எந்தப் பாதி தொலைந்தாலும் முழுதும் போச்சு. திருட்டு ஆபத்தும் தொலையும் ஆபத்தும் ஒன்றாகக் கூடும் அரிய ஏற்பாடு இது. பங்குபோட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று கணிதம் இருக்கிறது. 1979இல் ஷமீர் வெளியிட்ட முறையில், மூன்று பங்கில் எந்த இரண்டு சேர்ந்தாலும் மீளும், ஒன்று மட்டும் கிடைத்தால் எதுவும் தெரியாது. ட்ரெசர் இதை ஆதரிக்கிறது. 128 பிட்டுக்கு ஒரு பங்கு 20 சொல். சொற்பட்டியல் வேறு, எல்லாக் கருவியும் இதைப் படிக்காது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பாஸ்ஃபிரேஸ் எனப்படும் கூடுதல் சொல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு: தவறான பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று கிடையாது. எதைத் தட்டினாலும் ஒரு வாலட் திறக்கும், தவறாகத் தட்டினால் காலியான வாலட். ஓர் இடைவெளி, ஒரு பெரிய எழுத்து மாறினாலும் அப்படித்தான். திருடனிடமிருந்து காக்கும் அதே பூட்டு உங்களையும் வெளியே நிறுத்தும். மீட்புச் சொற்கள் திருடன் கையில் கிடைத்தால் பாஸ்ஃபிரேஸை அவன் கணினியால் ஊகிக்க முயல்வான். இடையில் இருக்கும் கணக்கீட்டுத் தடை 2048 சுற்றுதான், இன்றைய கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. எனவே பிறந்த நாளும் பெயரும் உதவாது, எதேச்சையாக எடுத்த ஐந்தாறு சொல் வேண்டும். அதை நினைவில் மட்டும் வைக்காதீர்கள். தனியே எழுதி, எஃகுத் தகடு இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதென்றால் பாஸ்ஃபிரேஸே வேண்டாம்.

இனி ஒத்திகை. கருவியை அமையுங்கள், சொற்களைப் பதியுங்கள். முதல் பெறும் முகவரியைக் குறித்துக்கொண்டு அதற்கு மிகச் சிறு தொகை அனுப்புங்கள். பிறகு கருவியை வேண்டுமென்றே அழியுங்கள். எஃகிலிருந்து மட்டும் படித்து மீட்டெடுங்கள். அதே முகவரி, அதே தொகை வருகிறதா? வந்த பிறகே பெரிய தொகை. பாஸ்ஃபிரேஸ் வைத்திருந்தால் அதையும் சேர்த்து இதே ஒத்திகை. பலர் இதைச் செய்யாமல் விட்டு, கருவி செத்த அன்றுதான் எட்டாவது வாஷரைப் படிக்க முடியவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

வேறு நிறுவனத்தின் வாலட்டில் மீட்டுப் பூஜ்ஜியம் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். ஒரே சொற்களிலிருந்து பல பாதைகளில் முகவரிகள் பிறக்கின்றன. பிட்காயினில் 1இல் தொடங்குபவை, 3இல் தொடங்குபவை, bc1இல் தொடங்குபவை எல்லாம் வெவ்வேறு பாதை. முகவரி வகையை மாற்றிப் பாருங்கள். பொதுவாக வாலட்டுகள் தொடர்ந்து 20 காலி முகவரி கண்டால் தேடுவதை நிறுத்திவிடும். நிறைய முகவரிகளை உருவாக்கிவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டவர் அந்த எண்ணைக் கூட்டினால் பணம் தெரியும். எந்த வாலட், எந்த முகவரி வகை என்று ஒரு வரி எழுதிவைத்தால் இந்தத் தேடலே வராது.

மல்டிசிக்

மூன்று சாவி, எந்த இரண்டு கையொப்பமும் போதும். ஒன்று திருடுபோனாலும் பணம் போகாது, ஒன்று தொலைந்தாலும் பணம் முடங்காது. திருட்டு, தொலைதல் இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்கும் ஏற்பாடு இது. அதற்கு விலை உழைப்பு.

பிட்காயினில் இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டுகிறார்கள். ‘இரண்டு மீட்புச் சொற்கள் இருந்தால் போதும்’ என்று நினைக்கிறார்கள். போதாது. ஒவ்வொரு தனிச்சாவிக்கும் அதிலிருந்து பிறக்கும், வெளியே காட்டக்கூடிய ஒரு பொதுச்சாவி உண்டு; முகவரியே மூன்று பொதுச்சாவிகளையும் சேர்த்துச் செய்தது. மூன்றாவது சாவியின் மீட்புச் சொற்கள் தொலைந்தாலும் அதன் பொதுச்சாவி தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைத் தேட வேண்டியதுதான். வாலட் மென்பொருள் தரும் அமைப்புக் கோப்பில் மூன்று பொதுச்சாவிகளும் இருக்கும். அதை அச்சிட்டு ஒவ்வொரு மீட்புச் சொற்களோடும் ஒரு பிரதி வையுங்கள். அதை வைத்து யாரும் திருட முடியாது, உங்கள் இருப்பை மட்டும் பார்க்கலாம்.

மூன்று கருவியும் வெவ்வேறு நிறுவனத்தவையாக இருக்கட்டும்; ஒரு நிறுவனத்தின் குறை மூன்றையும் தாக்கக் கூடாது. ஸ்பேரோ, எலெக்ட்ரம் போன்ற மென்பொருளில் அமைத்து, புதிய பெறும் முகவரியைக் கணினியில் மட்டும் பார்க்காமல் குறைந்தது இரண்டு கருவியின் திரையிலும் சரிபாருங்கள். மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே கணினியோடு என்றால் மல்டிசிக் வெறும் அலங்காரம். பைபிட்டுக்கு முன் 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் சுமார் 23 கோடி டாலரை இழந்ததும் மல்டிசிக் வாலட்டிலிருந்துதான். கையொப்பம் எத்தனை என்பதைவிட, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்தார்களா என்பதே கணக்கு.

ஈத்தரில் மல்டிசிக் என்பது வலையமைப்பின் அடிப்படை வசதி அல்ல. ஒரு ஒப்பந்த நிரல். நிரலில் பிழை இருந்தால் சாவிகள் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. 2017 நவம்பரில் பாரிட்டி மல்டிசிக் வாலட்டுகள் நம்பியிருந்த பொது நூலக ஒப்பந்தத்தை ஒருவர் அழித்துவிட, 5,13,774 ஈத்தர் உறைந்துபோனது. இன்றும் நகரவில்லை. பல வருடம் பெருந்தொகை தாங்கிய ஒப்பந்தத்தையே தேர்ந்தெடுங்கள். புதிதாக வந்ததை மற்றவர் சோதிக்கட்டும்.

சாவியைத் துண்டுகளாக்கிப் போனிலும் நிறுவனச் சேவையகத்திலும் வைக்கும் எம்பிசி வாலட்டுகள் எக்ஸ்சேஞ்சுக்கும் சொந்தச் சாவிக்கும் நடுவில் வருகின்றன. வசதி அதிகம், மீட்புச் சொல் தொல்லை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிறுவனம் நாளை மூடினால் அவர்கள் உதவியில்லாமல் நான் எப்படிப் பணத்தை எடுப்பேன்? அதற்கு எழுத்தில் வழி சொல்லாத வாலட்டைவிட எக்ஸ்சேஞ்சே தேவலை. சாவியை அச்சிட்டு வைக்கும் காகித வாலட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்டரின் நினைவகத்தில் பிரதி தங்கும், செலவழிக்க எப்படியும் சாவியைக் கணினியில் போட வேண்டும். அதன் காலம் முடிந்துவிட்டது.

எது யாருக்கு

ஒரு மாத வருமானத்துக்கு உட்பட்ட தொகை என்றால் இறுக்கிக் கட்டிய எக்ஸ்சேஞ்ச் கணக்கு அல்லது போன் வாலட், அதன் சொற்கள் காகிதத்தில். அதற்கு மேல் ஓர் ஆண்டு வருமானம்வரை ஒரு ஹார்டுவேர் வாலட், 12 சொல், இரண்டு எஃகுப் பிரதி. பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடலாம். இதை ஒழுங்காகச் செய்தவர் அரைகுறை மல்டிசிக் வைத்திருப்பவரைவிடப் பத்திரமாக இருக்கிறார். வீட்டில் பலர் வந்துபோகிறார்கள், தகடு யார் கண்ணிலாவது படும் என்ற கவலை இருந்தால் பாஸ்ஃபிரேஸ் சேருங்கள். போனால் வாழ்க்கையே மாறும் அளவு தொகை, கூடவே மூன்று தனித்தனி இடங்கள், வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சோதிக்கும் பொறுமை, இவை சேர்ந்து இருந்தால்தான் மூன்றில் இரண்டு சாவி கேட்கும் மல்டிசிக்.

எதைத் தேர்ந்தாலும் குடும்பத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். அதில் சொற்கள் வேண்டாம். என்னென்ன நாணயம், எந்த வாலட் மென்பொருள், கருவி எங்கே, எஃகுத் தகடு எங்கே, பாஸ்ஃபிரேஸ் உண்டா, அது எங்கே, நம்பிக்கையாக உதவி கேட்கக்கூடிய ஆள் யார். முன்பின் தெரியாத எந்த ‘மீட்பு நிபுணரிடமும்’ சொற்களைக் கொடுக்க வேண்டாம் என்ற வரியை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

பழைய வாலட்டிலிருந்து புதியதற்கு மாறும்போது முதலில் சிறு தொகை, அது புதிய கருவியின் திரையில் வந்தபின் மீதி. எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது வலையமைப்பைச் சரியாகத் தேர்வுசெய்யுங்கள். டாலர் மதிப்பைப் பின்பற்றும் யூஎஸ்டிடி போன்றவை பல வலையமைப்புகளில் ஓடுகின்றன, நீங்கள் தேர்ந்ததைப் புதிய வாலட் ஆதரிக்க வேண்டும். ஈத்தர் வகை வலையமைப்பில் எல்லாவற்றையும் நகர்த்தும்போது ஈத்தரைக் கடைசியாக அனுப்புங்கள். அது தீர்ந்துவிட்டால் டோக்கனை நகர்த்தக் கட்டணம் கொடுக்க ஏதும் இருக்காது. பழைய மீட்புச் சொற்களை அழித்துவிடாதீர்கள். யாரோ உங்கள் பழைய முகவரிக்கு ஒரு வருடம் கழித்தும் பணம் அனுப்பக்கூடும். ‘காலி, ஆனால் வைத்திரு’ என்று தேதியோடு எழுதி ஒரு பக்கம் போட்டுவையுங்கள்.